டாக்டரிடம் கேளுங்கள்: குறைமாதம் மட்டும்தான் காரணமா?

கேள்வி: 29 வாரத்தில் பிறந்த என் மகள்வழிப் பேரன் மூன்றாம் நாளே போய்விட்டான். காரணம் 'குறைமாதம்' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். அவ்வளவுதானா?

பதில்: இல்லையம்மா. 37 வாரத்துக்கு முன் பிறந்தாலே குறைமாதம்தான், பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள். வேறெதுவும் தெரியாதபோது மட்டுமே அதை முக்கியக் காரணமாக எழுதலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. மூன்றாம் நாள் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது மூச்சுத்திணறலை. நுரையீரலின் காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் அந்த வாரத்தில் போதுமான அளவு ஊறியிருக்காது. அப்புறம் மூளையில் ரத்தக்கசிவு, கிருமித்தொற்று. 2016-இல் அந்நிறுவனம் வெளியிட்ட, பிறப்பையொட்டிய மரணங்களின் காரணங்களுக்கான வகைப்பாடு, தாயின் ரத்த அழுத்தம், பனிக்குடம் முன்கூட்டியே உடைந்தது போன்றவற்றையும் சேர்த்தே பதியச் சொல்கிறது. ஒற்றைச் சொல்லோடு முடித்துக்கொள்வது எனக்குச் சோம்பலாகத்தான் படுகிறது. கேஸ் ஷீட் நகலைக் கேட்டு வாங்குங்கள். மகளின் அடுத்த பிரசவத்தைப் பார்க்கப்போகும் டாக்டருக்கு அது கட்டாயம் வேண்டும்.