மச்சானிடம் போகும் மெஷின், அடகில் கிடக்கும் சங்கிலி

கேள்வி: அன்பின் ஐயா, நான் பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறேன். தோட்ட வேலைக்குப் போவதில்லை. வீடுகளுக்கு வயரிங், பைப், டைல் வேலை செய்கிறேன். வேலை உள்ள நாளில் 4,500 ரூபாய் கிடைக்கும். மனைவி கொழுந்து எடுக்கிறார். எனக்கு ஒரு ஹேமர் ட்ரில்லும் ஒரு கிரைண்டரும் வேண்டும். ஹட்டன் கடையில் ட்ரில் 38,500, கிரைண்டர் 20,000. ஆன்லைனில் ட்ரில் 27,000, கிரைண்டர் 14,000. அதோடு 88 வோல்ட் பேட்டரி ட்ரில் செட் ஒன்று 16,000க்கு வட்டியில்லாமல் மூன்று தவணையில் வருகிறது.

கடந்த பதினான்கு மாதத்தில் ஆன்லைனில் வாங்கிய இரண்டு ஹேமர் ட்ரில்லும் ஒரு கிரைண்டரும் எரிந்துவிட்டன. மனைவியின் அண்ணன் கொந்தராத்து எடுப்பவர். அவருக்கு வேலை விழும்போது மெஷினைக் கொண்டு போவார். அந்த நாட்களில் நான் ஹட்டனில் வாடகைக்கு எடுத்துச் சமாளிப்பேன். நாளுக்கு 1,500, மாதத்துக்கு மூன்று நாள் வரும். இந்தப் பதினான்கு மாதத்தின் தொடக்கத்தில் மனைவியின் சங்கிலியைத் தனியார் கடையில் 60,000க்கு அடகு வைத்தேன். ஏழு மாதத்துக்குப் பிறகு அதை 100,000 ஆக்கினேன். வட்டி மாதம் நூற்றுக்கு மூன்று, தவறாமல் கட்டுகிறேன். இன்னும் 50,000 தரலாம் என்கிறார்கள். அடுத்த மாதம் எனக்கு 40,000 சீட்டு விழும். மெஷினை ஆன்லைனில் எடுப்பதா, கடையில் எடுப்பதா?

பதில்: கடையா ஆன்லைனா என்பதற்குப் பதில் இருக்கிறது, சொல்கிறேன். அதற்கு முன், நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயம் ஒன்று. சொந்த மெஷினை மச்சானிடம் சும்மா கொடுத்துவிட்டு, அதே நாளில் ஹட்டனில் காசு கொடுத்து வேறு மெஷின் எடுக்கிறீர்கள். இதை மாதத்துக்கு மூன்று தரம் செய்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது இதுதான்.

கணக்கைத் தோராயமாகப் போடுவோம். வாடகை மாதம் 4,500, பதினான்கு மாதத்துக்கு 63,000. அடகு வட்டி முதல் ஏழு மாதம் 1,800 வீதம் 12,600, அடுத்த ஏழு மாதம் 3,000 வீதம் 21,000, ஆக 33,600. எரிந்த மெஷின்களை இன்றைய ஆன்லைன் விலையில் வைத்தால் இரண்டு ட்ரில் 54,000, ஒரு கிரைண்டர் 14,000, மொத்தம் 68,000. எல்லாம் சேர்த்தால் ஒரு லட்சத்து அறுபத்து நாலாயிரத்துக்கு மேல். சங்கிலிக்கு வாங்கிய அசல் ஒரு லட்சம் இன்னும் அப்படியே நிற்கிறது.

நீங்கள் நாள்கணக்காக யோசித்துக்கொண்டிருக்கும் கடை விலைக்கும் ஆன்லைன் விலைக்கும் உள்ள வித்தியாசம் 17,500. அதுவும் ஒரே ஒரு தரம் போகும் காசு. மச்சானுக்குக் கொடுத்த நாட்களில் கட்டிய வாடகை மட்டுமே அதைப் போல மூன்றரை மடங்கு. எரிந்ததெல்லாம் அவர் கையில்தான் எரிந்தது என்று நீங்கள் எழுதவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் கொந்தராத்துக்காரர் கையில் 26 மில்லிமீற்றர் ஹேமர் ட்ரில் எதற்குப் பயன்படும் என்று உங்களுக்கே தெரியும். சுவரில் துளை போடவும் கொஞ்சம் கொத்தவும் செய்த மெஷின் அது. கொங்கிரீட் தளத்தை நாள் முழுக்க உடைக்க வேண்டுமானால் அதற்கு டெமோலிஷன் ஹேமர் என்று தனியாக இருக்கிறது. சின்ன மெஷினை அந்த வேலையில் விட்டால் மோட்டாருக்குள் சுழலும் கம்பிச்சுருளான ஆமேச்சர் கருகத்தான் செய்யும். அந்தச் சுருளுக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டான பிரஷ் தேய்ந்து பொறி பறக்கும்போதே நிறுத்தி, சில நூறு ரூபாய்க்கு புது கார்பன் பிரஷ் போட்டிருந்தால் மெஷின் பிழைத்திருக்கலாம். இரவல் மெஷினில் பொறி பறப்பதை யார் கவனிக்கிறார்கள்?

மச்சானிடம் இல்லை என்று சொல்வது லேசில்லை. மனைவியின் அண்ணன் வீட்டுக்கு மூத்தவர். கல்யாணம், சடங்கு, இழவு என்று எல்லாவற்றிலும் முன்னால் நிற்பவர். அந்த உறவை அறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அவர் அடுத்தவருக்குக் கொந்தராத்து விலை சொல்லும்போது சிமெந்து, மணல், கூலி எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத்தான் சொல்கிறார். மெஷின் செலவும் அந்த விலைக்குள் இருக்க வேண்டியது, வீட்டுக்காரரிடமிருந்து அவருக்கு வர வேண்டியது. நீங்கள் வாடகை கேட்டால் அவர் வீட்டுச் சோற்றில் கை வைப்பதாகாது.

ஆகவே புது மெஷின் வீட்டுக்கு வரும் நாளிலிருந்து அது உங்கள் கையை விட்டுத் தனியாகப் போகக் கூடாது. மச்சானுக்கு வேலை இருந்தால் மெஷினோடு நீங்களும் போங்கள், நாள் கூலி 4,500 வாங்கிக்கொண்டு. உங்களுக்கு அன்று வேறு வேலை என்றால் அவர் ஹட்டனில் எடுத்துக்கொள்ளட்டும், நீங்கள் இவ்வளவு நாளும் எடுத்த அதே கடையில், அதே 1,500க்கு. அரை வாடகைக்குக் கொடுக்கலாமா என்று யோசிப்பீர்கள். வேண்டாம். அரை வாடகை ஒரு மாதம் வரும், அடுத்த மாதம் "பிறகு தாறேன்" என்று ஆகும்.

இதை அவரிடம் நீங்கள் சொல்வதைவிட உங்கள் மனைவி சொல்வது நல்லது. அடகில் இருப்பது அவருடைய சங்கிலி. மாதா மாதம் கட்டும் 3,000 என்பது கொழுந்து மலையில் அவருக்கு விழும் ஏறக்குறைய இரண்டு நாள் பேர், அதாவது இரண்டு நாள் சம்பளம். "அண்ணே, சங்கிலி மீளும் வரைக்கும் மெஷின் வெளியே போகாது" என்று தங்கை சொன்னால் கேட்காத அண்ணனைத் தோட்டத்தில் நான் அதிகம் கண்டதில்லை. மெஷின் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை மனைவியிடமே கொடுத்துவிடுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஹேமர் ட்ரில்லை ஹட்டன் கடையில் வாங்குங்கள். 11,500 கூடுதல்தான், தெரிந்தே சொல்கிறேன். மெஷின் நின்றுபோனால் ஆன்லைனில் வாங்கியதைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் மூன்று நாள் கூலி போனாலே 13,500. கடையில் வாங்கியதைக் காலையில் கொண்டு போய்க் கொடுத்தால், பிரஷ் அல்லது சுவிட்ச் கோளாறு என்றால் பெரும்பாலும் அன்றே திரும்ப வரும். விலை வித்தியாசத்தில் ஒரு பகுதி வரி என்பதையும் மனதில் வையுங்கள். 2024 ஜனவரியிலிருந்து வற் என்ற பெறுமதி சேர் வரி 18 வீதம். வற் பதிவு உள்ள கடை அதைச் சேர்த்துத்தான் விற்க வேண்டும். பில் இல்லாமல் கூரியரில் வரும் சாமான் மலிவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம், பெரிய கம்பனிகளின் பெயரையும் நிறத்தையும் அப்படியே போட்டு வரும் போலிகள். படத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. காசைக் கட்டிய பிறகுதான் பெட்டியைத் திறக்கலாம் என்றால், டெலிவரியில் காசு கொடுப்பது என்ற பாதுகாப்பும் பெயருக்குத்தான்.

அதற்காகக் கடைக்காரர் சொல்வதையெல்லாம் அப்படியே நம்பவும் சொல்லவில்லை. "இந்த மொடலுக்குக் கார்பன் பிரஷ், ஆமேச்சர் இருக்கா?" என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாத கடையில் 11,500 கூடக் கொடுப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. அங்கே அந்த மெஷினை வாங்குவதும் ஆன்லைனில் வாங்குவதும் ஒன்றே. பில்லில் மொடலும் மெஷினில் உள்ள சீரியல் இலக்கமும் எழுதியிருக்க வேண்டும், உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் திகதியும் இருக்க வேண்டும். பிரஷ் போன்ற தேயும் பாகங்களுக்கும், அளவுக்கு மீறி ஓட்டி எரித்ததற்கும் உத்தரவாதம் பொதுவாகக் கிடையாது. மற்றக் கோளாறுகளுக்குக் கடை கையை விரித்தால், பில்லை வைத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். பில் இல்லாதவரின் முறைப்பாட்டில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

வேறு காரியமாகக் கொழும்புக்குப் போகும் நாள் வந்தால் பழைய சோனகத் தெருவில் விலை கேட்டுப் பாருங்கள். அந்த விலையை ஹட்டன் கடையில் சொன்னால் ஓரளவு குறைப்பார்கள். அதற்கென்றே ஒரு நாள் வேலையை விட்டுப் போக வேண்டாம்.

கிரைண்டர் இப்போது வேண்டாம். தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுத்து, அதை வேலைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். பிறகு வாங்கும்போது ஹட்டனில் கிடைக்கும் டிஸ்க் பொருந்துமா என்று பார்த்து வாங்குங்கள். 4 அங்குல டிஸ்க்கின் துளை 16 மில்லிமீற்றர், நாலரை அங்குலத்தில் அது 22 சொச்சம். அளவு தெரியாமல் ஆன்லைனில் எடுத்துவிட்டு, காவல் மூடியைக் கழற்றி எறிந்து பெரிய டிஸ்க்கை மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். டிஸ்க் உடைந்து தெறித்தால் கண் போகும்.

அந்த 88 வோல்ட் செட்டைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் வயரிங் செய்பவர், இந்தக் கணக்கு உங்களுக்கு உடனே பிடிபடும். ஒரு லிதியம் செல் 3.6 வோல்ட். ஐந்தை வரிசையில் கோர்த்தால் 18, முழுச் சார்ஜில் 21. உண்மையில் 88 வோல்ட் வேண்டுமென்றால் இருபதுக்கு மேல் செல் வரிசையில் இருக்க வேண்டும். கைக்குள் அடங்கும் பேட்டரிக்குள் அவை எங்கே இருக்கும்? பெட்டியில் போட்ட இலக்கம் பொய் என்றால் உள்ளே இருப்பதை எதை வைத்து நம்புவது? பேட்டரி மெஷினில் விலை கூடிய பாகமே பேட்டரிதான். அது செத்த பிறகு அதே மாதிரிப் பேட்டரி கிடைக்காவிட்டால் ட்ரில்லைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

மூன்று தவணை, வட்டி இல்லை என்பதும் இப்போது எல்லோர் போனிலும் இருக்கிறது. வட்டியை நீங்கள் கட்டுவதில்லை, சரி. விற்பவர் அந்த ஆப்புக்குக் கமிஷன் கட்டுகிறார், அது விலைக்குள் வந்துவிடும். முதல் தவணை வாங்கும்போதே போகும், மற்ற இரண்டும் அடுத்த இரண்டு மாதத்தில். மாதச் சம்பளக்காரருக்கு அது ஒத்துவரலாம். மழை பிடித்துக்கொண்டு இரண்டு கிழமை வேலை நின்றால் உங்களுக்கு தவணை மட்டும் நிற்காது, தாமதக் கட்டணமும் சேரும். சங்கிலிக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பவர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

அடகில் இன்னும் 50,000 எடுப்பதற்கு என் பதில் கூடாது என்பதுதான். வட்டி மாதம் 4,500 ஆகிவிடும். மெஷினுக்குச் சீட்டுக் காசு 40,000 போதும். ட்ரில் 38,500, மிச்சத்தில் இரண்டு நல்ல பிட். நாளுக்கு 1,500 வாடகை என்றால் இருபத்தாறு நாள் ஓடினாலே மெஷின் விலை வந்துவிடும். சீட்டு விழும்வரை வாடகை மெஷினில் ஓட்டுங்கள். புது வேலை பிடிக்கும்போது முற்பணம் கேளுங்கள். வயரிங் சாமானுக்குக் கேட்டால் யாரும் முகம் சுழிக்கமாட்டார்கள்.

அடகை இடம் மாற்றவும் பாருங்கள். மாதம் மூன்று என்றால் ஆண்டுக்கு 36 வீதம். மக்கள் வங்கியிலும் இலங்கை வங்கியிலும் நகை அடகு பிடிக்கிறார்கள், அங்கே வட்டி அதில் பாதிக்கும் கீழே இருக்கும். நீங்கள் அடகு வைத்ததற்குப் பிறகு தங்கத்தின் விலை நன்றாக ஏறியிருப்பதால், அதே சங்கிலிக்கு வங்கியில் ஒரு லட்சம் கிடைப்பதில் சிரமம் இருக்காது. கூடவும் தருவதாகச் சொல்வார்கள். மீட்கத் தேவையான தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் எடுக்காதீர்கள். தனியார் கடையிலிருந்து முதலில் மீட்க ஒரு நாள் கைமாற்று தேவைப்படும். இதற்கு மச்சானைக் கேட்கலாம். பதினான்கு மாதம் மெஷின் கொண்டு போனவர், ஒரு நாளுக்கு ஒரு லட்சம் புரட்டித் தர அவரால் முடியாவிட்டாலும், தெரிந்த ஒருவரிடம் சொல்லிவிட முடியும்.

மச்சானுக்காகக் கட்டிய வாடகை 4,500 இனிமேல் மிச்சம். வட்டியில் குறையும் 1,500ஐயும் சேர்த்தால் மாதம் 6,000. அதை அடகின் அசலில் கட்டிக்கொண்டே வாருங்கள், பகுதி பகுதியாகக் கட்ட முடியுமா என்று வங்கியில் முதலிலேயே கேட்டுக்கொண்டு. அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். ஒன்றரை வருடத்துக்குள் சங்கிலி வீட்டுக்கு வந்துவிடும்.

இந்தக் கிழமை செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அடகுச் சீட்டை எடுத்துத் தவணை முடியும் திகதியைப் பாருங்கள். வட்டி கட்டி வந்தாலும் தவணையைப் புதுப்பிக்காமல் விட்டால் நகை ஏலத்துக்குப் போகலாம். 60,000ஐ 100,000 ஆக்கியபோது புதுச் சீட்டுத் தந்தார்களா, பழையதிலேயே எழுதினார்களா என்பதையும் கவனியுங்கள். சீட்டில் எழுதியிருக்கும் தங்கத்தின் எடை உங்கள் மனைவி சொல்லும் எடையோடு ஒத்துப்போகாவிட்டால், வங்கிக்குப் போகுமுன் அந்தக் கடையில் கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள்.