கார்பன் ஆடிட்டர் ஆக வேண்டுமா? முதலில் நிலக்கரிக் கணக்கு

அம்மா, வணக்கம். மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள் கேட்கும் அந்தக் குறுகிய காலக் 'கார்பன் ஆடிட்' (ஆலைகள் வெளியிடும் கரியமில வாயுவைக் கணக்கிட்டுச் சரிபார்க்கும் வேலை) கோர்ஸுக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். துறை நல்ல துறைதான், அவள் தாராளமாகப் போகலாம். ஆனால் அங்கே வேலை தருவது சான்றிதழ் அல்ல, கணக்கு.

அனல் மின் நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் அதன் புகைபோக்கிக்குக் கரியமில வாயு வரம்பு கிடையாது. 2015இல் வந்த விதிகள் தூசி, சல்பர் டை ஆக்ஸைடு, நைட்ரஜன் ஆக்ஸைடு, பாதரசம் ஆகியவற்றுக்கு. கரியமில வாயுவை எரித்த நிலக்கரியிலிருந்து கணக்கிடுகிறார்கள். ஒரு யூனிட்டுக்கு 2,450 கிலோகலோரி செலவழிக்கும் நிலையம், கிலோவுக்கு 3,500 கிலோகலோரி உள்ள கரியை எரித்தால் 0.7 கிலோ கரி போகும். வாயு சுமார் 0.91 கிலோ வரும். பம்பு, ஃபேன், கரி அரவை மில் எல்லாம் சேர்ந்து 8% மின்சாரத்தை எடுத்துக்கொண்டால், வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு அதுவே 0.99 ஆகிவிடும். மொத்த உற்பத்தியா, நிகர உற்பத்தியா என்று கேட்காமல் எந்த எண்ணையும் அவள் நம்பக் கூடாது.

பெரிய பிழை ஆய்வகத்தில்தான் நேர்கிறது. காற்றில் உலர்த்திய மாதிரியில் 5% ஈரம், கலோரி மதிப்பு 4,000. வந்திறங்கிய கரியில் 14% ஈரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் போக மிஞ்சும் விழுக்காடுகளைக் கொண்டு, 4,000ஐ 86ஆல் பெருக்கி 95ஆல் வகுத்தால் உண்மை மதிப்பு 3,621. இதைத் திருத்தாமல் வந்த கரியின் எடையோடு 4,000ஐப் பெருக்கினால் வெப்பமும் வாயுவும் 10 விழுக்காடு கூடுதலாகத் தெரியும். கரி வரும் பெல்ட்டில் எடை காட்டும் கருவி சரிபார்க்கப்படாமல் கிடந்தாலும் இதே கதி.

மின் நிலையங்களுக்கு இலக்கு வந்தது 2012இல் தொடங்கிய 'பாட்' (PAT) என்ற எரிசக்திச் சிக்கனத் திட்டம் வழியாக, நிகர ஹீட் ரேட்டில், அதாவது வெளியே அனுப்பும் ஒரு யூனிட்டுக்குச் செலவாகும் வெப்பத்தில். 2023இல் அறிவித்த கார்பன் வர்த்தகத் திட்டத்தின் முதல் பட்டியலில் சிமெண்ட், அலுமினியம் போன்ற ஆலைகள்தான் இருக்கின்றன, மின் நிலையங்கள் இல்லை. ஆகவே முதல் வேலை சிமெண்ட் ஆலையில் கிடைத்தாலும் தயங்காமல் போகட்டும். நிலக்கரிக் கணக்கை அங்கேயும் கற்கலாம்.

இந்த விடுமுறையில் மேட்டூர், தூத்துக்குடி, வடசென்னை நிலையங்களில் ஒன்றில் பயிற்சிக்குக் கல்லூரிக் கடிதத்தோடு விண்ணப்பிக்கட்டும். டர்பைன் ஹாலைச் சுற்றிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், எஃபிஷியன்சி பிரிவில் உட்கார அனுமதி கேட்கட்டும். ஹீட் ரேட் கணக்கு அங்கேதான் நடக்கிறது. பட்டம் முடிந்தபின் நெய்வேலியில் உள்ள தேசிய மின்சாரப் பயிற்சி நிறுவனத்தின் ஓராண்டுப் பட்டயத்தைப் பரிசீலியுங்கள். மூன்றாண்டு அனுபவம் சேர்ந்ததும் எரிசக்தித் திறன் பணியகத்தின் எனர்ஜி ஆடிட்டர் தேர்வு எழுதலாம். நான்கு தாள்கள், எனர்ஜி மேனேஜர் தகுதிக்கு முதல் மூன்று போதும். கார்பன் சரிபார்ப்புக்கான ஐஎஸ்ஓ 14064 பயிற்சி அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.