மாமியாரும் ஆயாவும் ஒருவரே

கேள்வி: எனக்கு வயது 25. குடியாத்தம் பக்கம் ஒரு கிராமம். அம்மாவின் தம்பியைத்தான் மணந்திருக்கிறேன். என் அப்பா அம்மாவும் சொந்தம்தான். ஒன்றேகால் வயது மகளுக்கு இரண்டு காதும் கேட்கவில்லை என்று பெரா என்னும் செவித்திறன் பரிசோதனையில் தெரிந்தது. மரபணுப் பரிசோதனையும் எடுத்தார்கள். அதில் நோயின் பெயர் எதுவும் இல்லை. “இரு பிரதிகளும் ஒத்திருக்கும் நீண்ட பகுதிகள் 420 மெகாபேஸ், 14.6 சதவீதம்” என்று மட்டும் இருக்கிறது. கணவர் கறவை மாடு வைத்திருக்கிறார். மாட்டுக்கும் இதே கணக்குப் பார்ப்பார்கள் என்று கால்நடை மருத்துவர் சொன்னதிலிருந்து கூச்சமாக இருக்கிறது. மாமியார் என் வயிற்றைத்தான் குறை சொல்கிறார். அடுத்த குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

பதில்: முதலில் அந்த எண்ணைப் பார்த்துவிடுவோம். 14.6 சதவீதம் நோயின் அளவைச் சொல்லும் எண் இல்லை, அம்மா. உங்கள் மகளின் மரபணுவில் எவ்வளவு பகுதி ஒரே மூதாதையிடமிருந்து இரண்டு வழியாக வந்து சேர்ந்திருக்கிறது என்பதன் அளவு அது.

நிலம் வாங்கும்போது தாய்ப் பத்திரம் கேட்பார்கள் அல்லவா? நம் ஒவ்வொருவரிடமும் மரபணுப் பத்திரம் இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்று அப்பா தந்தது, மற்றது அம்மா தந்தது. ஒரு பிரதியில் சர்வே எண் தவறிப்போயிருந்தாலும் மற்றதை வைத்துக் காரியம் நடந்துவிடும். இரண்டுமே ஒரே தாய்ப் பத்திரத்திலிருந்து எடுத்த நகல்கள் என்றால், அதிலிருந்த பிழை இரண்டிலும் இருக்கும். ஒப்பிட்டுத் திருத்த வேறு பிரதி கிடையாது. பிறவிக் காது கேளாமையில் கணிசமான பங்கு இப்படி வருவதுதான்.

ஏறக்குறைய 288 கோடி மரபணு எழுத்துகளில் 42 கோடி எழுத்துகள், அதாவது அந்த 420 மெகாபேஸ், இப்படி ஒத்திருக்கின்றன என்கிறது உங்கள் அறிக்கை. தாய்மாமன் திருமணத்தில் கணக்குப்படி வர வேண்டியது 12.5 சதவீதம். அத்தை மகன், மாமன் மகள் என்றால் 6.25. பெண் கொடுத்துப் பெண் எடுத்த இரண்டு வீட்டுப் பிள்ளைகள் மணந்தாலும் 12.5தான், அதனால் எண்ணை மட்டும் வைத்து உறவுமுறை சொல்லிவிட முடியாது. உங்கள் வீட்டில் சற்றுக் கூடுதலாக இருப்பதற்கு உங்கள் பெற்றோரும் சொந்தம் என்பது காரணமாக இருக்கலாம், சீட்டு விழுந்த விதமாகவும் இருக்கலாம். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்குக்கூட இந்த எண் ஒன்றுபோல் இருப்பதில்லை.

எண்ணைவிட ஒவ்வொரு ஒத்த பகுதியின் நீளம்தான் அதிகம் பேசும். தலைமுறைக்குத் தலைமுறை மரபணு வெட்டி ஒட்டப்படுவதால், பழைய உறவு சிறு துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும். அண்மை உறவு ஒன்றரைக் கோடி, இரண்டு கோடி எழுத்து நீளத்துக்கு அறுபடாமல் இருக்கும். இது மனிதருக்கு மட்டும் உரியதும் அல்ல. மலைக் கொரில்லாக்களின் மரபணுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படி ஒத்திருப்பதை 2015-ல் கண்டறிந்தார்கள். ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் கறுப்பு வரி படர்ந்த புலிகள் அதிகமாக இருப்பதும், நெடுங்காலம் வெளிப் புலி வந்து கலக்காத சிறு கூட்டம் என்பதால்தான்.

மாட்டுக்கும் இதே கணக்கா என்று கூசுகிறீர்கள். பொய்கைக் கால்நடைச் சந்தைக்குப் போய்வருபவரிடம் கேட்டுப் பாருங்கள். ஒரே கிடாவை ஏன் பட்டியில் பல வருடம் வைத்துக்கொள்வதில்லை என்று அவரே சொல்வார். அதன் குட்டிகளோடு அதுவே சேரக் கூடாது என்பதற்காகத்தான். சினை ஊசியில் ஒரே காளையின் விந்து ஆயிரக்கணக்கான பசுக்களுக்குப் போவதால், கால்நடைத் துறையினர் இந்த ஒத்த பகுதிகளை மனித மருத்துவர்களைவிட மும்முரமாக எண்ணுகிறார்கள். அளக்கும் கோல் ஒன்று என்பதற்காக யாரும் உங்களை மாட்டோடு சேர்த்துவிடவில்லை.

சொந்தத்தில் மணந்தாலே கேடு என்று பயமுறுத்துவதும் எனக்குப் பிடிக்காது. இதே வட ஆர்க்காட்டுப் பகுதியில் பல்லாயிரம் பிரசவங்களை ஆராய்ந்த வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர், பிறந்த குழந்தைகளின் எடை போன்றவற்றில் பெரிய வேறுபாடு இல்லை என்று 1980-ல் எழுதினார்கள். ஆனால் அந்தக் காலத்தில் உறவை வாயால் கேட்டுத்தான் குறித்துக்கொள்ள முடியும். “அந்நியம்” என்று எழுதிக்கொண்ட தம்பதிக்குள்ளும் பத்துத் தலைமுறைக்கு முந்தைய முடிச்சு இருந்திருக்கும். மேலும் எடை சரியாக இருக்கும் குழந்தைக்கும் காது கேட்காமல் போகலாம்.

இனி மாமியார் விஷயம். ஒத்த பகுதி என்றால் ஒரு பாதி உங்களிடமிருந்தும் மறுபாதி உங்கள் கணவரிடமிருந்தும் வந்தே ஆக வேண்டும். வயிற்றுக்கு இதில் வேலையே இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் மாமியார் யார்? உங்கள் அம்மாவைப் பெற்ற ஆயா. தாய்ப் பத்திரம் பெரும்பாலும் அவரிடமோ அவர் கணவரிடமோதான் இருந்திருக்க வேண்டும். இதைச் சொல்லி ஆயாவோடு சண்டைக்குப் போக வேண்டாம். இப்படி ஒளிந்திருக்கும் பிழைகள் சில இல்லாத மனிதர் கிடையாது, இதை எழுதும் நான் உட்பட.

அடுத்த குழந்தை பற்றி. உங்கள் கையிலிருக்கும் அறிக்கை எந்தத் தெருவில் தேட வேண்டும் என்று காட்டுகிறதே தவிர, கதவு எண்ணைச் சொல்லவில்லை. 13-ஆம் குரோமோசோமில் ஜிஜேபி2 என்றொரு மரபணு இருக்கிறது. பிறவிக் காது கேளாமைக்கு அடிக்கடி காரணமாவது அது. உங்கள் மகளின் ஒத்த பகுதிகளில் ஏதாவது அதை உள்ளடக்கியிருக்கிறதா என்று மரபியல் மருத்துவர் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடுவார். அங்கே பிழை அகப்படாவிட்டால் எல்லா மரபணுக்களின் முக்கியப் பகுதிகளையும் ஒரே நேரத்தில் படிக்கும் எக்ஸோம் பரிசோதனைக்குப் போகலாம். பிழை இன்னது என்று தெரிந்து, நீங்கள் இருவரும் அதைச் சுமக்கிறீர்கள் என்பதும் உறுதியானால், ஒவ்வொரு கருவுக்கும் காது கேளாமை வர நான்கில் ஒரு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றுக்கு வராது என்று கணக்குப் போட வேண்டாம். கர்ப்பமான பிறகு 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்கவும் முடியும். அந்தப் பிழையைக் கண்டுபிடிக்கும்வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடுங்கள். இரத்தம் கொடுக்கக் கணவரும் கட்டாயம் வர வேண்டும்.

ஆனால் இப்போது நேரம் ஓடிக்கொண்டிருப்பது மகளுக்குத்தான். மரபணு முடிவுக்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே காது கேட்கும் கருவி பொருத்திப் பேச்சுப் பயிற்சியைத் தொடங்குங்கள். அது போதவில்லை என்றால் அறுவை சிகிச்சை செய்து உட்காதில் பொருத்தும் காக்ளியர் கருவி இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அந்த அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. காப்பீட்டு அட்டை, பெரா முடிவு, இந்த மரபணு அறிக்கை மூன்றையும் ஒரே உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.