வார்ஹாமர் ஏஜ் ஆஃப் சிக்மார் புதிதாக ஆட வருபவர் எந்தப் படையை எடுக்கலாம்?

சுருக்கமான பதில்: ஸ்டார்ம்காஸ்ட் எடர்னல்ஸ்.

நீங்கள் கேள்வியோடு சொல்லியிருக்கும் விவரங்களை வைத்துத்தான் இப்படிச் சொல்கிறேன். இதுவரை பெயின்ட் பிரஷ் பிடித்ததில்லை. ஆடப்போவது ஒரே ஒரு நண்பரோடு, வீட்டில். வீடியோக்களில் பார்த்துப் பிடித்துப் போனது ரத்தக்காட்டேரிப் படையின் ஜாம்பி டிராகன். முதல் இரண்டும் சரி. அந்த டிராகன் விஷயத்தில்தான் உங்களோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

விளையாட்டைத் தெரியாமல் இந்தப் பதிலுக்கு வந்துவிட்டவர்களுக்காக நாலு வரி. பிளாஸ்டிக் பொம்மைகளை நாமே ஒட்டி, நாமே வண்ணம் பூசி, மேஜைமேல் அணிவகுத்து, டேப் வைத்து அங்குலம் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடும் ஆட்டம் இது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இருக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1983-இல் வார்ஹாமரைக் கொண்டுவந்தது. 2015-இல் அந்தப் பழைய உலகத்தைக் கதையிலேயே அழித்துவிட்டு ஏஜ் ஆஃப் சிக்மாரைத் தொடங்கினார்கள். இங்கே நான் சொல்வதெல்லாம் 2024-இல் வந்த நான்காம் பதிப்பை வைத்து. அதே 2024-இல் பழைய உலகமும் 'தி ஓல்ட் வேர்ல்ட்' என்ற பெயரில் திரும்பி வந்தது. அதில் சதுர அடித்தட்டுகள், வரிசை கட்டிய படைகள், மொத்த வரிசையையும் திருப்பி வளைக்கும் கணக்குகள் எல்லாம் உண்டு. அழகான ஆட்டம்தான், ஆனால் ஆரம்பிக்கும் இடம் அதுவல்ல.

இப்போது டிராகன். பெட்டியின் அட்டையில், வீடியோவின் முகப்பில் எப்போதும் பெரிய மிருகமோ சிறகு விரித்த தலைவனோதான் இருப்பார்கள். அதைப் பார்த்துப் படையைத் தேர்ந்தெடுப்பது, கல்யாண மண்டபத்து வாசல் தோரணத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று முடிவு கட்டுவது மாதிரி. டிராகனை ஒரு முறைதான் ஒட்டி வண்ணம் பூசப்போகிறீர்கள். ஆனால் அந்தப் படையின் சாதாரண சிப்பாயை இருபது, முப்பது, சில படைகளில் அறுபது தடவை பூச வேண்டியிருக்கும். அதனால் எந்தப் படை பிடித்திருந்தாலும், அதன் மிகச் சாதாரண சிப்பாயின் படத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். இதையே திரும்பத் திரும்பப் பூசப் பொறுமை இருக்கிறதா? இருக்கிறது என்றால் அதுதான் உங்கள் படை. இல்லையென்றால் டிராகன் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் படை பாதியில் அட்டைப்பெட்டிக்குள் போய்விடும். சோல்பிளைட் கிரேவ்லார்ட்ஸ் என்ற அந்த ரத்தக்காட்டேரிப் படையின் சாதாரண சிப்பாய்கள் எலும்புக்கூடுகளும் ஜாம்பிகளும். ஜாம்பிகள் இருபது பேர் கொண்ட கூட்டமாக வருவார்கள். வீடியோக்களில் அவர்கள் பெரும்பாலும் பின்னணியில்தான் நிற்பார்கள்.

ஸ்டார்ம்காஸ்டின் சாதாரண சிப்பாய் லிபரேட்டர். தலை முதல் கால்வரை கவசம், முகத்தில் உலோக முகமூடி, கையில் சுத்தியலும் கேடயமும். கண் வரைய வேண்டாம், தோல் நிறம் கலக்க வேண்டாம். புதிதாகப் பூசுபவர்களுக்குப் பயம் தருவது இந்த இரண்டும்தான், இரண்டுமே இங்கே இல்லை. ரெட்ரிபியூட்டர் ஆர்மர் என்ற தங்க நிற ஸ்ப்ரேயை அடித்தால் பிரைமரும் (வண்ணம் ஒட்டுவதற்கு முதலில் போடும் அடிப்பூச்சு) தங்கமும் ஒரே வேலையில் முடிந்துவிடும். அதன்மேல் ரெய்க்லாண்ட் ஃபிளெஷ்ஷேட் என்ற நீர்த்த பழுப்பு வண்ணத்தைப் பூசினால் கவசத்தின் இடுக்குகளில் தானாக ஓடி நிழலாகத் தங்கிவிடும். காய்ந்ததும் தோள்பட்டைக்கும் கேடயத்துக்கும் நீலம், துணிக்கும் தோல் வார்களுக்கும் ஒவ்வொரு நிறம், அடித்தட்டில் கொஞ்சம் மண். அவ்வளவுதான். போட்டியில் பரிசு கிடைக்காது, ஆனால் மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் கம்பீரமாக இருக்கும். மேஜையில் நாம் எப்போதும் மூன்றடி தள்ளித்தானே நிற்கிறோம்.

ஆட்டத்திலும் அந்தக் கவசம் உங்களைக் காப்பாற்றும். எப்படி என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், இது புரிந்தால் எந்தப் படையையும் நீங்களே எடைபோடலாம். இந்த ஆட்டத்தில் ஓர் அடி விழ மூன்று தடை தாண்ட வேண்டும்: அடி படுகிறதா, காயம் ஆகிறதா, கவசம் தடுக்கிறதா. எதிரி 10 அடி அடிக்கிறார் என்று வையுங்கள். அடி பட 3+ வேண்டும், அதாவது பகடையில் 3 அல்லது அதற்கு மேல். காயத்துக்கு 4+. பத்தில் சராசரியாக ஏழுக்குச் சற்றுக் குறைவாகப் படும், அதில் பாதி காயமாகும், ஆக மூன்று சொச்சம் காயம். லிபரேட்டரின் கவசம் 3+, மூன்றில் இரண்டைத் தடுத்துவிடும். மிஞ்சுவது ஏறத்தாழ ஒரு காயம். ஒரு லிபரேட்டருக்கு உயிர்ப்புள்ளி 2. ஆக, ஒரு அடிக்கு ஒரு புள்ளிதான் சேதம் என்றால், அந்தப் பத்து அடியிலும் ஒருவன்கூடச் சாகாமல் போகலாம். அதே பத்து அடி ஸ்கேவன் எலிப்படையின் கிளான்ராட் மேல் விழுந்தால்? அதன் கவசம் 5+, உயிர்ப்புள்ளி 1. சராசரியாக இரண்டு எலிகளை மேஜையிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான்.

உடனே யாராவது, எலிகள் இருபது பேர் இருக்கிறார்களே என்பார்கள். உண்மைதான். எலிப்படை வேறு விதத்தில் பிழையைத் தாங்கும். இரண்டு போனாலும் பதினெட்டு நிற்கும். ஆனால் அந்த இருபதையும் ஒட்டிப் பூசி, ஒவ்வொரு சுற்றிலும் நகர்த்தி, எத்தனை பேர் எதிரிக்குக் கைகெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள் என்று எண்ண வேண்டும். புதியவருக்கு ஒரு சுற்று முடிய அரை மணி நேரம் ஆகிவிடும், எதிரே இருப்பவர் போனை எடுத்துவிடுவார். ஐந்து லிபரேட்டர் என்றால் ஐந்து பொம்மை.

கனத்த கவசம் முக்கியம் என்று நான் அழுத்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் யார் முதலில் ஆடுவது என்பது மறுபடி முடிவாகும், இரண்டாம் சுற்றிலிருந்து அதற்குப் பகடை உருட்டுவார்கள். இந்தச் சுற்றில் கடைசியாக ஆடியவர் அடுத்த சுற்றில் முதலில் ஆடும் வாய்ப்பைப் பெற்றால், நடுவில் உங்களுக்கு முறையே வராமல் அவர் இரண்டு முறை தொடர்ந்து ஆடுவார். இதை டபுள் டர்ன் என்பார்கள். பழகியவர்கள் அது வரும் என்று முன்கூட்டியே பார்த்துப் படையை நிறுத்துவார்கள். புதியவருக்கு அந்தக் கண் இன்னும் வந்திருக்காது. அதில் மெல்லிய கவசப் படை அகப்பட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. டாட்டர்ஸ் ஆஃப் கேய்ன் மாதிரி வேகமும் அடியும் நிறைந்த, உடம்பு லேசான படைகளை முதல் படையாக வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். அடிப்பது ஜோர், திருப்பி வாங்குவதுதான் பிரச்சினை.

ஸ்டார்ம்காஸ்டிடம் குறை இல்லாமல் இல்லை. லிபரேட்டர் ஒரு முறைக்கு 5 அங்குலம்தான் நடப்பான், எதிரி எங்கே போவான் என்று யோசித்து முன்னாலேயே நிறுத்த வேண்டும். எங்கே போனாலும் இந்தப் படைதான் கண்ணில் படும், 'எல்லாரும் வைத்திருப்பது எனக்கு வேண்டாம்' என்கிற ஆளாக இருந்தால் அலுக்கும். நிறத்தை மாற்றினாலே பாதி அலுப்பு போய்விடும். தங்கம்தான் அடிக்க வேண்டும் என்று சட்டமில்லை, கருங்கவசத்தில் இவர்கள் இன்னும் பிரமாதமாக இருப்பார்கள்.

பழைய பொம்மைகளைக் குறைந்த விலைக்கு வாங்குவதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. 2018-இல் வந்த சோல் வார்ஸ் பெட்டியின் ஸ்டார்ம்காஸ்ட் வீரர்கள் இன்றும் மலிவாகக் கிடைப்பார்கள். ஆனால் சேக்ரோசாங்ட் சேம்பர் எனப்படும் அந்தப் பிரிவை நான்காம் பதிப்போடு நிறுவனம் வரிசையிலிருந்து நீக்கிவிட்டது. வீட்டில் நண்பரோடு ஆடத் தாராளமாக ஆடலாம், வேறொரு பிரிவினராகப் பாவித்துக்கொள்ளலாம்; போட்டிக்குப் போகும் எண்ணமிருந்தால் யோசியுங்கள். பீஸ்ட்ஸ் ஆஃப் கேயாஸ் படைக்கும் இதே கதைதான், அது இப்போது ஓல்ட் வேர்ல்டுக்குப் போய்விட்டது.

கவச வீரர்கள் கண்ணுக்குப் பிடிக்கவில்லை என்றால் என் அடுத்த தேர்வு ஓகோர் மாட்ரைப்ஸ். தொந்தி பெருத்த ராட்சசர்கள், எப்போதும் பசி. ஓகோர் குளட்டன் ஒருவனுக்கே 4 உயிர்ப்புள்ளி, ஆறு பேர் சேர்ந்தால் ஒரு பிரிவு. மொத்தப் படைக்கே குறைந்த பொம்மைகள்தான். திட்டமும் எளிது: நேரே ஓடிப்போய் முட்டு. உடம்பு பெரிது என்பதால் தோல் நிறம் பூசப் பழக இதைவிட நல்ல பாடம் கிடையாது, பிசகினாலும் அழுக்கு என்று சொல்லிவிடலாம்.

அப்படியென்றால் இன்னும் பெரிதாக, சன்ஸ் ஆஃப் பெஹமாட் என்ற பூதப்படையை எடுத்தால் என்ன என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் பலத்துக்கேற்ற புள்ளி விலை உண்டு, நாலைந்து பூதங்களோடு முழு 2000 புள்ளிப் படையே முடிந்துவிடும், பெயின்ட் வேலை குறைவு, கணக்கு சுலபம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் படையில் ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள முடியாது. யாரைத் தடுப்பாக நிறுத்துவது, யாரைப் பலி கொடுப்பது, எந்த இடத்தை விட்டுப் பிடிப்பது என்பதெல்லாம் பல பிரிவுகள் கையில் இருந்தால்தான் வரும். எதிரே ஆடும் நண்பருக்கும் ஒவ்வொரு வாரமும் அதே பூதத்தைச் சுரண்டிக்கொண்டிருப்பது அலுத்துவிடும். இரண்டாவது படையாக எடுங்கள்.

பேய்கள் வேண்டுமென்றால் நைட்ஹாண்ட். வெள்ளை பிரைமர் மேல் நைட்ஹாண்ட் குளூம் என்று அவர்களுக்காகவே வந்த வண்ணத்தை ஓட விட்டாலே பேய் தயார், பூசுவதற்கு எல்லாப் படையிலும் சுலபம் இதுதான் என்பேன். ஆனால் ஆடைகள் நூல் நூலாகப் பறக்கும் வடிவம், ஒட்டும்போதும் எடுத்துப் போகும்போதும் படக்கென்று ஒடியும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் வேண்டாம்.

உங்கள் டிராகனை அடியோடு தள்ளிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். எலும்புக்கூட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, இது சரிதான் என்று தோன்றினால் தாராளமாகச் சோல்பிளைட் எடுங்கள். எலும்பு நிறப் பிரைமர், அதன்மேல் ஒரே பூச்சில் நிறமும் நிழலும் தரும் கான்ட்ராஸ்ட் வண்ணம் பழுப்பில் ஒரு பூச்சு, வேலை முடிந்தது. செத்த எலும்புக்கூடுகளை எழுப்பித் திரும்ப நிறுத்தும் விதிகளும் இந்தப் படைக்கு உண்டு, அதுவும் ஒருவகையில் பிழை தாங்கும் குணம்தான். டிராகனை மட்டும் கடைசியில் வாங்குங்கள், அதற்குள் கை பழகியிருக்கும். லூமினெத் ரெல்ம்-லார்ட்ஸை மட்டும் முதல் படையாகத் தொடாதீர்கள். நுணுக்கமான கவசம், ரத்தினம், வெள்ளைத் துணி என்று பிரஷ் பழகியவர்களே திணறும் படை அது.

எந்தப் படை இப்போது போட்டிகளில் ஜெயிக்கிறது என்ற பட்டியல்களைப் பார்க்க வேண்டாம். நிறுவனம் வருடத்தில் பலமுறை புள்ளிகளையும் விதிகளையும் மாற்றுகிறது. நீங்கள் ஒட்டிப் பூசி முடிப்பதற்குள் இன்றைய பலசாலி சாதாரணமாகியிருப்பான்.

வாங்குவதில் என் யோசனை: 2000 புள்ளிப் படையை மனதில் வைத்து வாங்கவே வாங்காதீர்கள். ஸ்பியர்ஹெட் என்று ஒரு சிறிய ஆட்டமுறை இருக்கிறது. ஒரு பெட்டி வாங்கினால் அதற்குள் இருப்பதே முழுப் படை, யாரைச் சேர்ப்பது என்ற கணக்கு கிடையாது. பலகை 30 அங்குலத்துக்கு 22 அங்குலம், சாப்பாட்டு மேஜையில் தாராளமாக அடங்கும். நான்கு சுற்றில் ஆட்டம் முடியும். அடிப்படை விதிகளைக் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் தளத்திலேயே இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ளலாம். பெட்டியோடு, பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டமான ஸ்ப்ரூவிலிருந்து வெட்ட ஒரு கிளிப்பர், பிளாஸ்டிக்குக்கு என்றே இருக்கும் பசை, இரண்டு பிரஷ், ஒரு ஸ்ப்ரே, ஐந்தாறு வண்ணக் குப்பி போதும். முதல் நாளே முப்பது குப்பி வாங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன், பாதி திறக்காமலே காய்ந்துபோகும். மழை நாளில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், ஈரக்காற்றில் பிரைமர் சொரசொரவென்று மாவு பூத்தாற்போல் படியும், வெயில் வரட்டும். கோடையில் அதற்கு நேர்மாறு, தட்டில் எடுத்த வண்ணம் பிரஷைத் தொடுவதற்குள் உலரும். ஒரு டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்சை வைத்து, மேலே பேக்கிங் தாளைப் போட்டு அதில் வண்ணத்தை எடுங்கள்.

நண்பர் இன்னும் படை எடுக்கவில்லை என்றால் அவரைக் கலந்துகொண்டு வாங்குங்கள். நான்காம் பதிப்பின் தொடக்கப் பெட்டிகளில் ஸ்டார்ம்காஸ்டும் ஸ்கேவனும் எதிரெதிராகச் சேர்ந்தே வரும், செலவைப் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம். எலிகளை அவரிடம் தள்ளும் முன் அவற்றின் ஆயுதங்களில் சில தன் ஆட்களையே வெடிக்க வைக்கும் என்பதைச் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டுச் சிரிக்கிறவர் என்றால் எலிப்படைக்குப் பொருத்தமானவர்; முகம் சுளித்தால் அவருக்கும் ஓகோர் பெட்டியைக் காட்டுங்கள்.