இதழுக்கும் ஓரத்துக்கும் நடுவே துணி தெரியுது: பதில்

தக்கலை சகோதரி, இங்க்ஸ்டிச்சில் (மெஷின் எம்பிராய்டரி டிசைன் போடும் மென்பொருள்) போட்ட ரோஜா இதழ் பிளவுஸில் குறுகி, அவுட்லைனுக்கு உள்ளே துணி தெரியுதுன்னு கேட்டிருந்தீங்க. மெஷினில் குறையில்லை. நூல் தான் ஓடும் திசையில் துணியை இழுக்கும். அந்த இழுப்பை ஈடுகட்ட வடிவத்தைக் கொஞ்சம் அகலமாக்கும் புல் காம்பன்சேஷனை 0.2 மி.மீ.யில் தொடங்கி 0.4 வரை ஏற்றிப் பாருங்க.

அதைவிட முக்கியம் அண்டர்லே, அதாவது நிரப்பும் தையலுக்கு அடியில் முதல்ல போடும் தையல். மேல் தையலுக்குக் குறுக்கே போகணும். முளகுமூட்டில் எனக்குக் கைத்தையல் சொல்லித் தந்த அக்கா, இதழோட ஓரத்தை முதல்ல ஓட்டுத்தையலால் சுற்றி, உள்ளேயும் நாலு இழை போட்ட பிறகுதான் சாட்டின் தையலால் நிரப்பவிடுவாங்க. அண்டர்லேயும் அதே வேலைதான்.

பட்டுன்னா, அடியில் கட்-அவே பேக்கிங் (தச்ச பிறகு மிச்சத்தைக் கத்தரிச்சு எடுக்கும் தாங்கு துணி) வச்சு, நாலு ஓரமும் பெரிய ஓட்டுத்தையல் போட்டு ஃபிரேமில் மாட்டுங்க. முரசு மாதிரி இழுத்துக் கட்ட வேண்டாம், கழற்றினதும் சுருங்கிடும். முதல்ல அதே துணியின் வெட்டுத்துண்டில் ஒரே ஒரு இதழ் தச்சுப் பாருங்க.