ஷாசி ஆத்தங்கரை, பழைய டீ ரோடு: உங்க கேள்விகளுக்கு பதில்

சீனாவோட யுன்னான் மாகாணத்துல இருக்கற ஷாசி ஊருக்குப் போயிட்டு வந்தேன்னு சொன்னதும் நிறைய பேர் கேட்டுட்டீங்க, ஒண்ணொண்ணா சொல்றேன்.

கேள்வி: அங்க டீ எஸ்டேட் சுத்திப் பாக்கலாமா அண்ணா?

இல்லப்பா, எல்லாரும் இப்படித்தான் நினைக்கறாங்க. இது டீ விளையற ஊர் இல்ல, டீ தங்கிப் போன ஊர். தெக்கே சிஷுவாங்பான்னா, பூஅர் பக்கம் பறிச்ச இலைய வட்ட வட்டமா அழுத்தி, கோவேறு கழுதை முதுகுல கட்டி மாசக்கணக்கா திபெத் வரைக்கும் நடந்தே கொண்டு போவாங்க, அந்தப் பக்கத்துல இருந்து குதிரை வரும், பக்கத்து மலைக் கிணறுகள்ல இருந்து உப்பு வரும், அந்தப் பாதைதான் பழைய டீ ரோடு. அந்த வழில இதெல்லாம் கை மாறின இடங்கள்ல ஒண்ணு ஷாசியோட சந்தைத் திடல்.

கேள்வி: அப்ப பாக்க என்னதான் இருக்கு?

திடல்ல 1415ல கட்டின ஷிங்ஜியாவ் கோயில், அதுக்கு நேர் எதிர்ல கூத்து மேடை, சுத்தி பழைய சத்திரங்க. பழைய சின்னங்களக் காப்பாத்தற வேர்ல்ட் மானுமென்ட்ஸ் ஃபண்ட்ங்கற அமைப்பு, 2002க்கான அழியற ஆபத்துல இருக்கற இடங்க பட்டியல்ல இதை சேத்துச்சு, அப்புறம் சுவிஸ் நிபுணர்களும் உள்ளூர் நிர்வாகமும் சேந்து, பழசை இடிக்காம பொறுமையா சரி பண்ணாங்க. அந்தப் பொறுமைக்கே கையெடுத்துக் கும்பிடலாம்.

கேள்வி: ஆறு கிட்டயா?

கிழக்கு வாசல் தாண்டினா ஹெய்ஹுய் ஆறு. கரையோட கொஞ்சம் நடந்தா யூஜின் பாலம், ஒத்தை வளைவு கல் பாலம். காலைல பனி விலகறதுக்குள்ள போய் உக்காருங்க, தண்ணி சத்தத்த தவிர ஒண்ணும் கேக்காது.

கேள்வி: டீ எப்படி இருக்கும்?

அங்க இருக்கற பாய் (Bai)ங்கற சீன இனத்து மக்கள் விருந்தாளிக்கு மூணு சுத்து குடுப்பாங்க. முதல்ல வறுத்த இலைல கசப்பு, ரெண்டாவது வெல்லம் மாதிரி சர்க்கரையும் வால்நட்டும் போட்டு இனிப்பு, மூணாவது தேன் இஞ்சி எல்லாம் சேந்தது. முதல் கப்ப மிச்சம் வைக்காதீங்க, அதைக் குடிச்சாத்தான் ரெண்டாவது ருசிக்கும்.

கேள்வி: நாம தேயிலைங்கறோம், அவங்க ‘சா’ங்கறாங்களே?

ரெண்டும் சீனாவோடதுதான். ஃபூஜியன் கடற்கரைல ‘தே’, அது கப்பல் ஏறிச்சு. தரை வழில போனது ‘சா’.

கேள்வி: எப்படிப் போறது?

தாலி (Dali) நகரத்துல இருந்தோ லிஜியாங் நகரத்துல இருந்தோ ஜியான்சுவான் ஊர் வரைக்கும் பஸ், அங்கிருந்து சின்ன வேன். 2,100 மீட்டர் உயரம், ராத்திரி குளிரும், ஸ்வெட்டர் வேணும். ரெண்டு ராத்திரியாவது தங்குங்க, வெள்ளிக்கிழமை சேந்து வர்ற மாதிரி பாத்துக்கோங்க, அன்னிக்குத்தான் மலைக்காரங்க இறங்கி வர்ற சந்தை.