ரெஸ்யூமேயில் கீவேர்டு – கடிதம்

வணக்கம் சார்,

ஏழு வருடமாக ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ் இரண்டையும் பார்த்து வருகிறேன். வேறு வேலைக்காக நான்கு மாதமாக ஆன்லைனில் விண்ணப்பிக்கிறேன், ஓர் இடத்திலிருந்தும் அழைப்பு இல்லை. கீவேர்டு இல்லாவிட்டால் கம்ப்யூட்டரே ரெஸ்யூமேவைத் தள்ளிவிடும் என்கிறார் நண்பர். வேலை விளம்பரத்தை அப்படியே காப்பி செய்து ரெஸ்யூமேயின் அடியில் வெள்ளை எழுத்தில் ஒட்டிவிடு, ஆள் கண்ணுக்குத் தெரியாது, கம்ப்யூட்டர் படித்துக்கொள்ளும் என்றும் சொல்கிறார். செய்யலாமா? ஒவ்வொரு வேலைக்கும் ரெஸ்யூமேவை மாற்றித்தான் ஆகவேண்டுமா? என்னுடையதை இணைத்திருக்கிறேன்.

எம்.

அன்புள்ள எம்.,

வெள்ளை எழுத்து வேண்டாம். வரும் விண்ணப்பங்களைக் கையாள நிறுவனங்கள் வைத்திருக்கும் ஒர்க்டே, கிரீன்ஹவுஸ் மாதிரியான மென்பொருள்கள் (பொதுவாக ஏடிஎஸ் என்பார்கள்) கோப்பிலிருந்து எழுத்தை உருவி எடுத்து அனுபவம், படிப்பு, திறன் என்று கட்டம் கட்டமாகப் போட்டுக்கொள்கின்றன. உருவி எடுத்த எழுத்துக்கு நிறம் கிடையாது, அதனால் நீங்கள் ஒளித்துவைத்தது அங்கே மற்ற வரிகளைப் போலவே பளிச்சென்று தெரியலாம். தான் எழுதிய விளம்பரத்தையே உங்கள் ரெஸ்யூமேயில் வார்த்தைக்கு வார்த்தை பார்க்கிறவர் அதற்குமேல் படிக்க மாட்டார். ஏழு வருட உழைப்பை இப்படிக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா?

கம்ப்யூட்டர் தள்ளிவிடும் என்பதும் பாதிதான் சரி. தானாக நிராகரிப்பு நடப்பது பெரும்பாலும் படிவத்தில் கேட்கும் நேரடிக் கேள்விகளால்: இன்ன சான்றிதழ் இருக்கிறதா, இத்தனை வருட அனுபவம் உண்டா என்பது போல. கீவேர்டின் வேலை அதற்கு அப்புறம். விண்ணப்பங்கள் குவிந்து கிடக்கும்போது அவற்றுக்குள் ஒருவர் உட்கார்ந்து தேடுகிறார், சில மென்பொருள்கள் விளம்பரத்தோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்தியும் கொடுக்கின்றன. அவர் தேடும் சொல் உங்களிடம் இல்லையென்றால் உங்களை யாரும் நிராகரிக்கவே தேவையில்லை, கண்ணில் படாமலே போய்விடுவீர்கள். உங்களுக்கு நடந்திருப்பது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் உங்கள் ரெஸ்யூமேயில் 'பொருள்கள் வாங்குவது, ஸ்டாக் பார்ப்பது, கணக்கு எழுதுவது' என்று இருக்கிறது. உண்மைதான், ஆனால் இதே வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் புரொக்யூர்மென்ட் (வாங்குவது), இன்வென்டரி கன்ட்ரோல் (ஸ்டாக் பார்ப்பது), வெண்டர் மேனேஜ்மென்ட் (சரக்கு தருபவர்களைக் கவனிப்பது) என்று எழுதுகிறார்கள். ஸ்டாக் சரிபார்ப்பதைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால் அது அவர்களுக்கு சைக்கிள் கவுண்ட். சரக்கு வந்ததும் நீங்கள் போடும் ரசீதுக்கு ஜிஆர்என். இதெல்லாம் நீங்கள் ஏற்கெனவே செய்கிற வேலை, பெயர் மட்டும்தான் அவர்களுடையது. உங்களுக்குப் பிடித்த மாதிரி பத்துப் பதினைந்து விளம்பரங்களை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்று ஒரு தாளில் குறியுங்கள், பிறகு நீங்கள் நிஜமாகவே செய்தவற்றை மட்டும் அதிலிருந்து பொறுக்குங்கள். செய்யாததைச் சேர்த்தால் நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். பதவிப் பெயரையும் மாற்றாதீர்கள், பழைய நிறுவனத்தில் விசாரிப்பார்கள். 'ஸ்டோர்ஸ் இன்சார்ஜ்' அப்படியே இருக்கட்டும், பக்கத்திலேயே 'இன்வென்டரி கன்ட்ரோல், புரொக்யூர்மென்ட்' என்று வேலையைச் சொல்லிவிடுங்கள்.

பொறுக்கிய சொற்களை அடியில் ஒரு மூட்டையாகக் கட்டி வைப்பதும் உதவாது. தேடுகிறவருக்கு அகப்பட்டுவிடும், ஆனால் திறந்து படிக்கும்போது ஒன்றும் இருக்காது. செய்த வேலையைச் சொல்லும் வாக்கியத்துக்குள்ளேயே அந்தச் சொல் வரவேண்டும்: எத்தனை வெண்டர்கள், எவ்வளவு பெரிய ஸ்டாக், எந்த மென்பொருளில். 'கம்ப்யூட்டர் தெரியும்' என்று எழுதியிருக்கிறீர்கள், அதை யாரும் தேடுவதில்லை. எஸ்ஏபி என்ற நிறுவன மென்பொருளில் கொள்முதலையும் ஸ்டாக்கையும் பார்க்கும் எம்எம் பகுதியைப் பயன்படுத்தியிருந்தால் அதை எழுதுங்கள், எக்செல்லில் பிவட் டேபிள் போடுவீர்கள் என்றால் அதையும். சுருக்கப் பெயர் உள்ளவற்றுக்கு ஒருமுறையாவது முழுப் பெயரையும் எழுதுங்கள், தேடுபவர் எதை அடிப்பார் என்று முன்கூட்டித் தெரியாது.

இன்னொன்று, உங்கள் ரெஸ்யூமே பக்கத்தை இடது, வலது என்று இரண்டாகப் பிரித்த அழகான டெம்ப்ளேட்டில் இருக்கிறது. எல்லாவற்றையும் செலக்ட் செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். நான் பார்த்தேன், இடது பக்க வரியும் வலது பக்க வரியும் பின்னிக்கொண்டு வந்தன. தொலைபேசி எண் படமாக இருப்பதால் வரவே இல்லை! பக்கத்தைப் பிரிக்காமல், சாதாரணத் தலைப்புகளோடு மாற்றிவிடுங்கள்.

நீங்கள் வேலை தேடும்போதும் இதே சொற்கள்தான். 'ஸ்டோர்ஸ்' என்று மட்டும் தேடினால் கடை விற்பனை வேலைகளும் சேர்ந்து கொட்டும். லிங்க்ட்இன்னில் இரண்டு சொல் சேர்ந்த பெயரை மேற்கோள் குறிக்குள் போடுங்கள், மாற்றுப் பெயர்களுக்கு நடுவே 'ஆர்' (OR), வேண்டாததற்கு முன்னால் 'நாட்' (NOT) என்ற ஆங்கிலச் சொற்களைப் பெரிய எழுத்தில் அடியுங்கள். சரியாக வருகிற தேடலுக்கு அலர்ட் வைத்துவிட்டால் தினமும் உட்கார்ந்து தேட வேண்டியதில்லை.

ஒவ்வொரு வேலைக்கும் முழுவதையும் மாற்ற வேண்டாம். செய்த எல்லாவற்றையும் எழுதிய ஒரு பெரிய கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கும்போது மேலே வரும் மூன்று நான்கு வரிகளையும், எந்த வேலையை முதலில் சொல்வது என்ற வரிசையையும் மட்டும் அந்த விளம்பரத்துக்கு ஏற்ப மாற்றினால் போதும். அப்புறம், வேலைத் தளங்களில் நான்கு மாதத்துக்கு முன் ஏற்றிய பழைய ரெஸ்யூமேவை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றுங்கள். நீங்கள் விண்ணப்பிக்காத நிறுவனங்களும் அங்கே வந்து தேடுகின்றன, பல தளங்களில் சமீபத்தில் புதுப்பித்தவர்களை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதியும் அவர்களுக்கு உண்டு.